பத்தொன்பதில் நின்ற ஏரி

ஓய்வுபெற்று ஏழு மாதமாகிறது. ஏதோ ஒரு படிவத்தில் விட்டுப்போன கையெழுத்தைப் போடுவதற்காகப் போன மாதம் திருப்பதியில் என் பழைய ஆபீசுக்குப் போயிருந்தேன். பாசனத் துறை. ஏரிகளின் நீர்மட்டத்தைக் குறித்து வைப்பது என் பிரிவின் வேலை. என் நாற்காலிக்கு இப்போது வந்திருக்கும் பிரசாத் என்ற இளைஞர் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்தினார்.

"சார், வேடிக்கையைப் பாருங்க. ரெண்டும் ரெண்டும் அஞ்சாம்!"

திரையில் ஒரு கட்டத்தில் 2. அதன் கீழே இன்னொரு 2. கூட்டுத்தொகைக் கட்டத்தில் 5. சுற்றி நின்ற நாலைந்து பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டேன். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து ஒருவர் பிஸ்கட் நீட்டினார்.

உள்ளே இருந்தவை 2.4, 2.4. கூட்டினால் 4.8. புள்ளிக்குப் பின்னால் எதையும் காட்டாதே என்று யாரோ அந்தக் கட்டங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். ஆகவே 2.4 தன்னை 2 என்று சொல்லிக்கொண்டது, 4.8 தன்னை 5 என்று சொல்லிக்கொண்டது. கட்டத்தின் வயிற்றில் உள்ளது ஒன்று, முகத்தில் உள்ளது ஒன்று. இதைச் சொன்னேன்.

"அவ்ளோதானா சார்?" என்றார் பிரசாத். "இதுக்கா முகமெல்லாம் வேர்த்துப்போச்சு உங்களுக்கு? கதை ஏதோ இருக்கு. சங்கத்து மலருக்கு எழுதிக் குடுங்க."

முப்பத்தைந்து வருட சர்வீஸில் நான் எழுதியவை எல்லாம் எண்கள்தான். எழுத்து என்று பார்த்தால் விடுமுறை விண்ணப்பங்கள் உண்டு. அவற்றில் கற்பனை வளம் இருந்ததாக மேலதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். இது விடுமுறை விண்ணப்பம் அல்ல. இதில் கற்பனை இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் சித்தூர் ஆபீசில் லெவல் கிளார்க்காகச் சேர்ந்தேன். பயிற்சி என்பது மூன்று நாள். முதல் நாள் மேஜையைக் காட்டினார்கள். இரண்டாம் நாள் அந்த மேஜை வேறொருவருடையது என்று தெரிந்தது. மூன்றாம் நாள் வஜ்ரவேலு முதலியாரிடம் ஒப்படைத்தார்கள்.

முதலியார் எங்கள் பிரிவின் தலைவர். நகரிக்காரர். வீட்டில் நாலு தறி ஓடியது. ஆள் மட்டும் ஆபீசில் ஓடினார். ஒல்லியான உடம்பு, காதில் எப்போதும் ஒரு பென்சில். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். நீலம் எதற்கு என்று நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. சிவப்பு எதற்கு என்று முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தேன்.

ஏரிகளில் அளவுக் கம்பம் நட்டிருப்பார்கள். அதில் அடியும், அடியில் பத்தில் ஒரு பங்கும் கோடு போட்டிருக்கும். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் கடைநிலை ஊழியருக்கு லஸ்கர் என்று பெயர். லஸ்கர் அனுப்பும் அளவு 12.4, 12.7 என்றெல்லாம் வரும். மேலிடத்துக்குப் போகும் மாத அறிக்கையிலோ முழு அடி மட்டும்தான் எழுத வேண்டும். 12.4 என்பது 12 ஆகும். 12.7 என்பது 13 ஆகும். இதை யாரும் செய்துவிடலாம். ஆனால் முதலியாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. குறைத்து எழுதினால் அந்த எண்ணின் தலைமேல் ஒரு சிவப்புப் பொட்டு. கூட்டி எழுதினால் காலடியில் ஒரு சிவப்புப் பொட்டு. பொட்டில்லாத எண் என்றால் ஏரி அப்படியே முழு அடியில் நிற்கிறது என்று பொருள். அப்படி ஓர் ஏரி அபூர்வமாகத்தான் அமையும்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பொட்டு கிடையாது. மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். நான் நாள் முழுக்க எண்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு விரல் நுனி சிவக்க வீட்டுக்குப் போவேன். என் நைனா விரலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார்.

ஒரு நாள் 12.5 என்பதை 12 என்று எழுதிப் பொட்டு வைக்காமல் விட்டுவிட்டேன். முதலியார் திட்டவில்லை. அவர் திட்டி யாரும் பார்த்ததில்லை; அதனால்தான் எல்லாரும் அவரைக் கண்டு நடுங்கினோம். பேரேட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

"இன்னாப்பா தேவசகாயம், அரை அடி எவ்ளோ இருக்கும்?"

கையால் காட்டினேன்.

"அது ஸ்கேல்ல. ஏரியில எவ்ளோ இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை.

"போய் பாத்துக்கினு வா. புத்தூர் பஸ் பத்தரைக்கு."

விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. பஸ் ஏறிப் போனேன். அந்த ஏரியில் கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் தண்ணீர் வெளியேறுவதற்காகக் கட்டிய தாழ்ந்த கல் சுவர். லஸ்கர் என்னை அதன்மேல் நிற்கச் சொன்னான். கணுக்கால் அளவு தண்ணீர். சுகமாகத்தான் இருந்தது. "இன்னும் கொஞ்சம் உள்ள வாங்க சார், அங்க கல்லு தேஞ்சிருக்குது" என்றான். நாலு எட்டு வைத்தேன். அங்கே அரை அடி கூடுதல். அவ்வளவுதான் வித்தியாசம். என் இரண்டு காலும் என்னைக் கேட்காமலே வேறு ஊருக்குக் கிளம்பின. லஸ்கர் சட்டைக் காலரைப் பிடித்திராவிட்டால் இந்தக் கட்டுரை உங்களுக்கு மிச்சம். ஒரு செருப்பு போயிற்று. எனக்கு நீந்தத் தெரியாது. அதற்குப் பிறகு கற்றுக்கொள்ளவும் துணியவில்லை.

ஒற்றைச் செருப்போடு ஆபீசுக்கு வந்தேன். முதலியார் காலைப் பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தார். 12-இன் தலைமேல் பொட்டு வைத்தேன்.

இருபத்தைந்து வருடத்தை இந்த இடத்தில் தாண்டிவிடுகிறேன். அவற்றில் சொல்லும்படி எதுவும் இல்லை என்பதை என் சர்வீஸ் ரிஜிஸ்டரே சொல்லும்.

எண்பதுகளின் கடைசி. முதலியார் ஓய்வுபெற்று, காலமும் ஆகிவிட்டார். எனக்குத் திருப்பதிக்கு மாற்றலாகியிருந்தது. ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வருகிறது என்று சொல்லி, ஆளில்லாமல் என்னை ஹைதராபாத்துக்கு இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அறைக்குள் போக வேண்டும். உள்ளே ஏசி குளிர். ஸ்வெட்டர் போட்டு, வெறுங்காலோடு, மார்கழி பஜனைக்கு வந்தவன்போல் உட்கார்ந்திருந்தேன். கட்டம் கட்டமான தாளில் எண்ணைப் போட்டால் கணக்கை அதுவே போடும் ஸ்ப்ரெட்ஷீட் என்ற விஷயத்தை அங்கேதான் கற்றேன். திரும்பி வந்ததும் நான் பெரிய மனிதன். முன்பு என்னை "ஏய்" என்றவர்கள் "கம்ப்யூட்டர் சார்" என்றார்கள். இந்தப் பட்டம் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு நடந்ததற்கெல்லாம் காரணம் அதுதான்.

அந்த வருடம் கார்த்திகையில் புயல் மழை விடாமல் கொட்டியது. எங்கள் ஆபீசிலேயே வெள்ளக் கண்காணிப்பு அறை திறந்தார்கள். லஸ்கர்கள் மணிக்கு ஒருமுறை போனில் அளவு சொல்வார்கள். நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு வரிசை. ஒவ்வொரு மணிக்கும் ஒரு கட்டம். வரிசையின் கடைசியில் 'ஏற்றம்' என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். கடைசி அளவிலிருந்து காலை ஒன்பது மணி அளவைக் கழித்து, ஏரி எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று அது காட்டும். அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. அதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் சீதாராமய்யா முதல் தாளைப் பார்த்ததும் முகம் சுளித்தார். புள்ளியும் பின்னமுமாக எண்கள் அகலமாகி, இருபத்துநாலு மணிக் கட்டங்களும் ஒரே தாளில் அடங்கவில்லை. இரண்டு தாளை ஒட்டிக் கொடுத்திருந்தேன்.

"ஏமய்யா, இது ரிப்போர்ட்டா, பாயா? கலெக்டர் இதை எங்க விரிச்சுப் படிப்பாரு? பாயிண்ட்டெல்லாம் வத்தய்யா. முழு நம்பர் போதும். ஒரே பேப்பர்."

புள்ளிகளை மறைத்தேன். கட்டங்கள் ஒடுங்கின. எல்லாம் ஒரே தாளில் வந்து உட்கார்ந்தன. பார்க்க அழகாக இருந்தது. ஒரு கணம் முதலியாரின் சிவப்புப் பென்சில் நினைவுக்கு வந்தது. இந்த யந்திரத்தில் பொட்டு எங்கே வைப்பது? பிறகு என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை யந்திரம் உள்ளே பத்திரமாக வைத்திருக்கிறதே, பொட்டு எதற்கு? மனிதனுக்கு மறதி உண்டு, அதனால் முதலியாருக்குப் பொட்டு தேவைப்பட்டது. யந்திரம் எதையும் மறக்காது. இது சரிதான். யந்திரம் மறக்கவில்லை.

நாராயணவனத்துக்குத் தெற்கே ஒரு பழைய ஏரி. ஊர்ப் பெயர் வேண்டாம். கரைக்கு நேர் கீழே மிஷன் காலனி. முப்பத்தெட்டு மண்வீடுகள், எங்கள் சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள். காலனியிலிருந்து கூப்பிடு தூரத்தில் மேடு. மேட்டின் மேல் சின்னதாக எங்கள் சபையின் கோயில், பக்கத்தில் தபால் ஆபீஸ். அந்த ஏரியின் லஸ்கர் ஆசீர்வாதம். கோயிலில் மணி அடிப்பவனும் அவனேதான். எங்களுக்கு ஒரு விதி இருந்தது. பத்தொன்பது அடிக்கு மேல் விழிப்பாக இருக்க வேண்டும். இருபது வந்தால் காலனியில் ஒருவரும் இருக்கக் கூடாது. மழை வேகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் காலையிலேயே இரண்டு லாரிகளை அனுப்பி, காலனி ஜனங்களைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு 19. பத்துக்கு 19. பதினொன்றுக்கு 19. பன்னிரண்டுக்கும் 19, ஒன்றுக்கும் 19. திரையில் ஐந்து பத்தொன்பதுகள் போலீஸ் அணிவகுப்பு மாதிரி ஆடாமல் அசையாமல் நின்றன.

ஒரு மணித் தாளை சீதாராமய்யாவிடம் கொடுத்தேன். கலெக்டர் ஆபீசிலிருந்து வந்த ஒருவரும் அங்கே இருந்தார். சீதாராமய்யா வரிசையோடு விரலை நகர்த்திக்கொண்டே போய்க் கடைசியில் நின்றார்.

"தேவசகாயம், ஏரி நின்னிருக்கு. சந்தோஷம். இங்க ஏற்றம்னு ஒண்ணு போட்டிருக்கே, என்ன அது? பத்தொன்பதுல பத்தொன்பது போனா ஒண்ணா?"

வந்திருந்தவர் கடகடவென்று சிரித்தார். "உங்க மெஷின் ஸ்கூலுக்குப் போகல போலிருக்கே சார்!"

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏதோ சூத்திரத்தில் தப்பு என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் சார் என்ற பட்டம் என் கண்ணெதிரே கழன்று விழுவது தெரிந்தது. அப்போது நான் செய்ததைத்தான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. "சின்ன கோளாறு சார், இதோ" என்று ஓடினேன். ஏற்றம் என்ற அந்தக் கட்டத்தையே மறைத்துவிட்டு, தாளை மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். இப்போது அதில் ஐந்து பத்தொன்பதுகள் மட்டும். மாசு மருவில்லாத தாள்.

சீதாராமய்யா திருப்தியோடு தலையாட்டினார். நாயுடுபேட்டைப் பக்கம் ரோடு அறுந்து ஜனங்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு லாரியும் அங்கே போகட்டும், ஏரி நிற்கிறது, காலனிக்காரர்களைப் போகிற வழியில் வீட்டிலேயே இறக்கிவிடலாம் என்று உத்தரவு போட்டார். போட்டுவிட்டு ஜீப்பில் ஏறித் திருச்சானூர்ப் பக்கம் ஒரு மதகைப் பார்க்கப் போய்விட்டார்.

இரண்டு மணிக்கு ஆசீர்வாதம் போனில் அளவு சொன்னான். ஏற்றினேன். 20.

வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. நாலு மணி நேரம் அசையாத ஏரி ஒரு மணியில் ஒரு முழு அடி ஏறுமா? அம்புக்குறிச் சாவியால் கர்சரை அந்தக் கட்டத்தின் மேல் கொண்டுபோய் வைத்தேன். எந்தக் கட்டத்தில் கர்சர் நிற்கிறதோ அதன் உள்ளே உண்மையில் இருப்பதைத் திரையின் மேல்வரி காட்டும். காட்டியது: 19.6.

ஒரு கட்டம் இடப்பக்கம் போனேன். கட்டத்தில் 19. மேல்வரியில் 19.4. இன்னொரு கட்டம். 19.3. இன்னொன்று. 19.1. அடுத்தது 18.9. கடைசியாக ஒன்பது மணிக் கட்டம். முகத்தில் 19, வயிற்றில் 18.6.

ஏரி நிற்கவே இல்லை. காலையிலிருந்து நடந்துகொண்டே இருந்திருக்கிறது. மறைத்த கட்டத்தைத் திறந்தேன். ஏற்றம்: 1. அது பொய் சொல்லவில்லை. அந்த முழுத் தாளிலும் உண்மை சொன்னது அது ஒன்றுதான். அதைத்தான் நான் மறைத்திருந்தேன்.

நீங்கள் கேட்பீர்கள்: 19.1, 19.3 என்று ஏற்றியது உன் விரல்தானே, உனக்கே தெரியாதா என்று. நானும் கேட்டுக்கொண்டேன். என்னுள்ளே ஏற்றும் விரல் ஒரு பிரிவு, பார்க்கும் கண் வேறு பிரிவு. இரண்டுக்கும் நடுவில் கோப்பு நகரவில்லை. பத்து ஏரியின் அளவு கேட்டு ஏற்றுகிறவனுக்குக் காதில் விழுவது தங்குவதில்லை. திரையில் நிற்பதுதான் தங்குகிறது.

காலில் ஏதோ சில்லென்றது. குனிந்து பார்த்தேன். செருப்பு இரண்டும் இருந்தன. ஆனால் புத்தூர்க் கலங்கலில் நின்ற அதே குளிர்.

திருச்சானூருக்குப் போன் செய்தேன்; ஜீப் அங்கே இன்னும் வரவில்லை என்றார்கள். லாரிகள் நாயுடுபேட்டை ரோட்டில் எங்கோ போய்க்கொண்டிருந்தன. டிரங்க் கால் போட்டுத் தபால் ஆபீசைப் பிடித்தேன். நல்லவேளையாக ஆசீர்வாதம் வாசலில் மழைக்கு ஒதுங்கி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். போஸ்ட்மாஸ்டர் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"ஆசீர்வாதம், காலனி ஜனம் எங்கப்பா?"

"வூட்டுலதான் கீறாங்கோ சார். லாரியில கொணாந்து எறக்கிட்டுப் பூட்டாங்களே. காத்தால இருந்து துன்னாத ஜனம், அல்லாரும் அடுப்பு மூட்டிக்கினு கீறாங்கோ."

"ஏரி ஏறிக்கிட்டே இருக்கேப்பா! நீதானே சொன்ன, 19.4, 19.6ன்னு?"

"ஆமா சார், ஏறிக்கினுதான் கீது. கரையில மதகாண்ட கசிவு கூட வந்துக்குது."

"அப்புறம் ஏன் அவங்களை வீட்டுக்குப் போக விட்ட?"

"ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல பாத்து நிக்குதுன்னு சொன்னாங்கோ சார். நம்ம கண்ணு இன்னா கண்ணுன்னு நென்ச்சுக்கினேன்."

இந்த வாக்கியத்தைப் பிறகு எத்தனையோ தடவை தூக்கத்தில் கேட்டிருக்கிறேன்.

"ஓடிப்போய் எல்லாரையும் மேட்டுக்குக் கூப்பிடு."

"வரமாட்டாங்கோ சார். காத்தால ஓடுன்னாங்கோ, ஓடினாங்கோ. வூட்டுக்குப் போன்னாங்கோ, வந்தாங்கோ. இப்ப நான் போயி திரும்ப ஓடுன்னு சொன்னா, சோத்துக் கரண்டியாலயே அடிப்பாளுங்கோ."

அப்போது எனக்கு மணி நினைவுக்கு வந்தது. எங்கள் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்தால் கோயில் மணியை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு அடிப்பார்கள். இறந்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. ஊரே வேலையை நிறுத்திவிட்டு எண்ணும். எழுபதுக்கு மேல் போனால் இன்ன கிழவர் என்று தெரியும். முப்பதில் நின்றால் எல்லா வீட்டிலும் தங்கள் பிள்ளைகளைத் தேடுவார்கள். சாவு மணி கேட்டால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போக வேண்டும். யார் என்று பார்க்காமல் யாரும் சாப்பிடமாட்டார்கள். சித்தூரில் சிறு வயதில் எத்தனையோ தடவை பாதிச் சோற்றில் எழுந்து ஓடியிருக்கிறேன்.

"ஆசீர்வாதம், சாவு மணி அடி."

"யாரு செத்தாங்கோ சார்?"

"நான்தான்னு வெச்சுக்கோ."

"ஐயோ, இன்னா சார்!" என்றவன், உடனே தொழிலுக்கு வந்துவிட்டான். "வயசு இன்னா சார்?"

"ஐம்பது."

"கரெக்டா அம்பதா? சுமாரா அடிக்கக் கூடாது சார். தப்பா அடிச்சா அது வேற ஆளுக்குப் பூடும்."

"நாற்பத்தொன்பதுப்பா!" என்று கத்தினேன். "ஆனா நாற்பத்தொன்பதோட நிறுத்தாதே. கடைசி ஆளு மேட்டுக்கு வர்றவரைக்கும் அடிச்சுக்கிட்டே இரு!"

ஓடினான். போஸ்ட்மாஸ்டரிடம் போனை வைத்துவிடாதீர்கள், மேஜைமேல் அப்படியே வையுங்கள் என்றேன். மழைக்கு நடுவே முதல் அடி கேட்டது. ஒன்று. வெகு நேரம் கழித்து இரண்டு. நான் பென்சிலால் ஒரு காகிதத்தில் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தேன். திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு என் சாவு மணியை நானே எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழாவது அடியில் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு பெண்குரல் குறுக்கிட்டது.

"சார், மூணு நிமிஷம் ஆச்சு. எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?"

"பண்ணும்மா."

"யாரும் பேசலியே சார். என்ன சத்தம் அது?"

"சாவு மணிம்மா."

"ஐயோ பாவம். யாருக்கு சார்?"

"எனக்கு."

அதற்குப் பிறகு அந்தப் பெண் லைனில் வரவே இல்லை. இணைப்பைத் துண்டிக்கவும் இல்லை. புண்ணியவதி.

நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. என் கை நின்றுவிட்டது. மணி நிற்கக் கூடாது என்று சொன்னது நான்தான். ஆனாலும் அந்த இடைவெளியில் என் மூச்சு நின்றது. ஐம்பது கேட்டது. அறுபத்துமூன்றாவது அடியோடு லைன் செத்துவிட்டது. மறுபடி முயன்றேன், மறுபடியும் முயன்றேன். மணியும் இல்லை, மழையும் இல்லை. வெறும் இரைச்சல்.

மூன்று மணி ஆயிற்று. ஆசீர்வாதத்தின் போன் வரவில்லை. மற்ற ஏரிகளின் அளவை ஏற்றினேன். அந்த ஏரியின் மூன்று மணிக் கட்டம் காலி. பழக்கதோஷத்தில் ஏற்றக் கட்டத்தை மூன்று மணிக்கு மாற்றினேன். காலிக் கட்டத்தை யந்திரம் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். ஏற்றம்: -19.

பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இது பிழைதான், அளவு வராததால் வந்த பிழை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏரி ஒரு மணி நேரத்தில் பத்தொன்பது அடி இறங்கிவிட்டது என்று திரை சொல்லிக்கொண்டிருந்தது. ஏரி எப்போது அப்படி இறங்கும் என்பதும் எனக்குத் தெரியும். மதியம் உண்மையைப் பிழை என்று நினைத்து மறைத்தவன் நான். இப்போது இந்தப் பிழை உண்மையாகிவிடுமோ என்று அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறைக்கக் கை வரவில்லை. மனைவி கட்டிக்கொடுத்த தயிர்சாதம் மேஜையில் அப்படியே இருந்தது. சாவு மணி கேட்டவன் எப்படிச் சாப்பிடுவது? நாலு மணிக்கும் கட்டம் காலி.

ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போலீஸ் வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. மூன்று மணிக்குச் சற்று முன்பு மதகுக்குப் பக்கத்தில் கரை உடைந்துவிட்டது. மிஷன் காலனி இல்லை. முப்பத்தெட்டு வீடும் போய்விட்டன. ஜனங்கள்?

"ஜனங்க எல்லாம் கோயில்ல" என்றார் போலீஸ்காரர். "என்ன காரணம்னு தெரியல. ஏதோ சாவுக்கு வந்திருக்காங்க. ஆனா பொணத்தைக் காணோம்கறாங்க."

நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். தயிர்சாதம் கவிழ்ந்தது.

கரை இருபதுவரை காத்திருக்கவில்லை. இருபது என்பது நாங்கள் ஆபீசில் போட்ட கோடு. ஏரிக்கு அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் சீதாராமய்யா திரும்பி வந்தார். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், மறைத்த கட்டம் உள்பட.

"லாரியைத் திருப்பினது நான்" என்றார். "புள்ளி வேண்டாம்னதும் நான். எந்தக் கட்டமய்யா? நான் எந்தக் கட்டமும் பார்க்கல. நீயும் மறைக்கல. சரேனா?"

சரி என்றேன். பயந்தவர்கள் இரண்டு பேர் ஒரே அறையில் இருந்தால் ஒப்பந்தம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஒரு மாதம் கழித்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. கம்ப்யூட்டரின் உதவியால் ஆபத்தை உரிய நேரத்தில் கண்டறிந்தமைக்காகவாம். வீட்டில் மாட்டச் சொன்னார்கள். பீரோவில், போர்வைகளுக்கு அடியில் வைத்தேன்.

புதுக் கம்பம் நடுவதற்காக அந்த ஏரிக்குப் போனபோது ஆசீர்வாதத்தைப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துத் தழும்பேறியிருந்தன.

"எத்தனை அடிச்சப்பா?"

"முந்நூத்திப் பதினொண்ணு சார். நாப்பத்தொம்போது வரைக்கும் யாருக்கோன்னு எண்ணிக்கினு வூட்டுலயே இருந்தாங்கோ. அங்க கை மாத்த கொஞ்சம் நிறுத்தினேன். நம்ம வாத்தியாருக்கு அதே வயசு. அவரு நான் சாவல, நான் சாவலன்னு கத்திக்கினு மொத ஆளா ஓடியாந்தாரு. நூறு தாண்டினதும் பூரா ஜனமும் ஓடியாந்துச்சு. நூறு வயசு ஆளு எவன்டா ஊருலன்னு பாக்க. எங்க வூட்டுக்காரிதான் கடைசி. அவளைப் பாத்த அப்புறம்தான் கயித்தை வுட்டேன்."

கொஞ்சம் தயங்கினான். "ஒரு தப்பு பண்ணிட்டேன் சார். மணி அடிச்சா கோயில் நோட்டுல பேர் எழுதணும். சபை ஐயரு கேட்டாரு. பொய் எழுத மனசு வரல. நீங்க சொன்னதையே எழுதிட்டேன்."

போய்ப் பார்த்தேன். சபையின் மரண நோட்டில் தெளிவான கையெழுத்தில் இருந்தது: தேவசகாயம், லெவல் கிளார்க், திருப்பதி, வயது 49. பிறகு வந்த போதகர் யாரும் அதை அடிக்கவில்லை என்று கேள்வி.

பிரசாத், நீங்கள் கேட்ட கதை இதுதான். பாராட்டுக் கடிதத்தோடு ஒரு மணித் தாளும் பீரோவில் இருந்தது, நான் கட்டத்தை மறைத்து அச்சடித்த அந்த மாசற்ற தாள். இதை எழுத உட்காருவதற்கு முன்னால் அதை வெளியே எடுத்தேன். மை மங்கியிருந்தாலும் ஐந்து பத்தொன்பதுகளும் அணிவகுப்பில் அப்படியே நின்றன. கடைத்தெருவுக்குப் போய் ஒரு சிவப்பு நீலப் பென்சில் வாங்கி வந்தேன். முதல் இரண்டுக்கும் காலடியில் ஒவ்வொரு பொட்டு. அடுத்த மூன்றுக்கும் தலைமேல். வைத்துவிட்டுத் தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். பொட்டுகள் காலிலிருந்து தலைக்கு ஏறியிருந்தன. ஒரு குழந்தை பார்த்தால்கூடச் சொல்லிவிடும், ஏரி ஏறுகிறது என்று.